பதினேழாம் மனையின் மூன்றாவது மாடி

பதினேழாம் நம்பர் மனையில் நான்கு மாடி கட்டுவதற்கு ஒரு பில்டர் விண்ணப்பம் போட்ட மறுநாள் காலையிலேயே அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் வந்துவிட்டார்கள், கட்டடம்தான் வரவில்லை. தரையிலிருந்து பத்தடி உயரத்தில் ஒருவன் பனியனோடு நின்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான், அவனுக்கு மேலே இருபதடி உயரத்தில் ஒரு பெண் தன் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கு மேலே, அதற்கும் மேலே என்று நான்கு அடுக்காக மனிதர்கள் காற்றில் நடந்து, காற்றில் உட்கார்ந்து, காற்றில் காபி குடித்துக்கொண்டிருக்க, கீழே மனையில் வழக்கம்போல எருக்கஞ்செடியும் யாரோ போட்டுப்போன உடைந்த வாஷ்பேசினும் கிடந்தன. முதலில் பார்த்தவர் பால்காரர்தான். அவர் வண்டியை நிறுத்தி, அண்ணாந்து ஒவ்வொரு அடுக்காக எண்ணி, இனி எத்தனை லிட்டர் கூடுதலாகக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று யோசித்தபடியே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்களுடையது கோயம்புத்தூருக்கு மேற்கே, மலை நன்றாகத் தெரிகிற தூரத்தில், நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட பொன்னய்யா லே-அவுட். நாற்பத்திரண்டு வீடு சேர்ந்தால் ஒரு பிள்ளையார் கோயிலும் ஒரு குடியிருப்போர் நலச் சங்கமும் தானாக முளைத்துவிடும். சங்கத்தின் விதிப் புத்தகத்தில் பூங்கா, நூலகம், தெருவிளக்கு என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது. உண்மையில் நாங்கள் செய்துவந்தது ஒரே வேலைதான், யார் எங்கே என்ன கட்டுகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது. திங்கட்கிழமைதோறும் கட்டட அனுமதி கொடுக்கிற அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையைப் போய்ப் படிப்போம், புது விண்ணப்பம் ஒட்டியிருந்தால் மனுப்போட்டு வரைபட நகல் வாங்குவோம், பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தை விட்டிருக்கிறார்களா, உயரம் சரிதானா என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்போம், முப்பது நாளுக்குள் ஆட்சேபம் எழுதி அனுப்புவோம். இதற்கெல்லாம் உயிர் எங்கள் செயலாளர் சௌந்தரம் அக்கா. அவர் தபால் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்; கவர் ஒரு கிராம் கூடினாலும், கொண்டுவந்தவர் சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டச் சொன்னவர். நான் இணைச் செயலாளர், அதாவது அவர் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறவன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஜனவரி இருபத்தாறாம் தேதியும் கொடியேற்றியபின், மிட்டாய் கொடுப்பதற்கு முன், தெருவின் அகலத்தை அளப்போம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் டேப்பைப் பிடிக்க, சௌந்தரம் அக்கா எண்ணை உரக்கப் படிப்பார், நான் எழுதுவேன், அதன்பிறகுதான் லட்டு. எண் வருடா வருடம் ஒன்றுதான், இருபத்தாறரை அடி. முப்பதடிச் சாலை என்றால் மூன்று மாடி வரை கட்டலாம், முப்பதுக்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் ஒரு மாடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பகுதிக்கான விதி. அதனால் தெருவில் யார் உயரப் பார்த்தாலும் இருபத்தாறரை என்கிற எண்ணை எடுத்துப் போடுவோம், அவர்கள் அடங்கிவிடுவார்கள்.

காற்றில் ஆட்கள் வந்த அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் அர்த்தநாரி, செக்கு எண்ணெய் மில் வைத்திருப்பவர், இரண்டு கார்க்காரர், முதல் கேள்வியைக் கேட்டார்.

"இவிங்களை மெம்பராச் சேர்த்தறதா, வேண்டாங்களா?"

"வீட்டு வரி ரசீது இருந்தாத்தானுங்க மெம்பர்" என்றார் சௌந்தரம் அக்கா. "வீடே இல்லையே."

"வீடில்லாட்டியும் குடியிருக்கறாங்கல்லோ?"

இரண்டு மணி நேரம் பேசி, கடைசியில் அவர்கள் மெம்பர் இல்லை, ஆனால் அக்கம்பக்கம் என்று முடிவாயிற்று. சாப்பாட்டு வேளையில் யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது, மேலே துணி காயப்போட்டால் கீழே போகிறவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போகவேண்டும், பிள்ளைகள் இருக்கிற இடமாதலால் அந்த மனையில் இனிக் குப்பை கொட்டக் கூடாது என்று நான் தீர்மானம் எழுதினேன். பன்னிரண்டு வருடமாக எழுதியும் நிற்காத குப்பை, அந்த வாரத்தில் நின்றது. அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது, நாங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் மழை பெய்தபோது தண்ணீர் அவர்கள் மேல் விழாமல், இல்லாத கூரையில் பட்டுத் தெறித்து, இல்லாத சுவரோரமாக வழிந்து இறங்கியதால், மனையின் நடுப்பகுதி பொட்டுத் துளி நனையாமல் காய்ந்து கிடந்தது. மழை வந்தால் ஆட்டோக்காரர்கள் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தத் தொடங்கினார்கள், சோளம் சுடுகிற அம்மா தன் தள்ளுவண்டியை அங்கே மாற்றிக்கொண்டார். தன் வேலை போய்விடுமோ என்று முதல் மாடிக்காரனைப் பார்த்து எங்கள் தெரு இஸ்திரிக்காரர் கவலைப்பட்டதைத் தவிர வேறு புகார் ஒன்றும் வரவில்லை.

நான்காவது மாடியில் ஒரு வயதானவர் இருந்தார். தினமும் பதினோரு மணிக்குத்தான் சவரம் செய்துகொள்வார், சுவரில்லாத இடத்தில் கண்ணாடியை மாட்டி, கன்னத்தை உப்பிக்கொண்டு, அவ்வளவு நிதானமாக. இரண்டாவது வாரம் அலுவலகத்தில் யாரோ கோப்பைப் புரட்டிப் பார்த்து, நான்காவது மாடி உயரக் கட்டுப்பாட்டுக்கு மேலே போகிறது என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். அது செவ்வாய்க்கிழமை. அந்த நேரத்தில் அவர் ஒரு கன்னம் முடித்து மறு கன்னத்துக்கு நுரை போட்டிருந்தார். பிரஷ் தூக்கிய கையோடு இல்லாமல் போனார். அன்று சாயங்காலம் தெருவில் டிவி சத்தம் கேட்கவில்லை. நான்கு மாடியா, நானிருக்கிற வரை நடக்காது என்று நாலு நாளைக்கு முன்புவரை மீசையை முறுக்கிய அர்த்தநாரி என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "பாதி மூஞ்சியோட போயிட்டாருங்களே" என்றார். மாடியை அடித்தால் மனிதர்கள் போய்விடுவார்கள் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

மூன்றாவது மாடியில் தனியாக ஒரு பெண்மணி இருந்தார், தலை முழுக்க வெள்ளை. முதல் சில நாட்கள் அவர் முதுகைக் காட்டியபடி ஏதோ அடுக்கிக்கொண்டேயிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, தெருப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரிக்கத் தொடங்கினார். எதிர்வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சௌந்தரம் அக்காவின் கையிலிருந்து குழாய் நழுவி, தண்ணீர் தன்பாட்டுக்குத் தெருவில் ஓடியது.

"தம்பி, அது பிலோமி" என்றார் என்னிடம்.

பிலோமினா யார் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் நான் குடியிருப்பது அவருடைய வீட்டில். அவரும் சௌந்தரம் அக்காவும் பக்கத்துப் பக்கத்து வீடு. லே-அவுட்டில் முதல் இரண்டு வீடு அவர்களுடையதுதான். சங்கத்தை ஆரம்பித்ததே அந்த இருவர். ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டு அடுப்பில் கொதித்த காலம் அது என்று தெருவில் இன்னும் சொல்வார்கள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் பிலோமினா தன் மகன் கல்யாணத்துக்காக இரண்டாவது மாடியில் ஓர் அறை கட்டினார், அனுமதி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் விண்ணப்பம் போட்ட கையோடு கட்டியும் முடித்துவிட்டார். சாலை இருபத்தாறரை அடி, விதிப்படி ஒரு மாடிதான். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் சௌந்தரம் அக்கா ஆட்சேபம் எழுதினார், எழுதிவிட்டு அவர் வீட்டுக்கே போய் எழுதியிருக்கிறேன் என்று சொல்லவும் செய்தார். அறையை இடித்தார்கள். புது மணமக்கள் ஓசூருக்குப் போனார்கள், பிலோமினா வீட்டை எனக்கு விற்றுவிட்டு உடுமலைப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போனார். போகும்போது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மொட்டை மாடியில் அந்த அறையின் தரை மட்டும், சிவப்புச் சிமென்ட் பூசி மெழுகியது, இப்போதும் இருக்கிறது. நாங்கள் அதில் வடகம் காயவைக்கிறோம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிலோமினா மேலே உட்கார்வார், சௌந்தரம் அக்காவும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போடுவார். மேலே பூண்டு என்றால் கீழே பீன்ஸ், மேலே கீரை என்றால் கீழே சின்ன வெங்காயம். மேலே இருப்பவர் கீழே பார்த்து ஏதோ பேசுவதும் சிரிப்பதுமாக இருப்பார், கீழே இருப்பவர் தலையைத் தூக்காமல் வெங்காயத்தை உரிப்பார், இருட்டியதும் இருவரும் எழுந்து உள்ளே போவார்கள். தெருவில் நாங்கள் யாரும் அந்த நேரத்தில் குறுக்கே போகமாட்டோம். சுற்றிக்கொண்டு பின் தெரு வழியாகப் போவோம்.

ஆட்சேபத்துக்கான முப்பது நாளில் இருபத்திரண்டு கழிந்திருந்தது. பில்டர் கொடுத்த வரைபடத்தில் சாலை அகலம் முப்பதடி என்று போட்டிருந்தது. பொய் என்பதற்கு எங்களிடம் பதினைந்து வருடத் தீர்மானப் புத்தகம் சாட்சி. ஆட்சேபம் போனால் இரண்டாவது மாடியும் மூன்றாவது மாடியும் போகும். மலை மறையாது, தண்ணீர் பங்கு போகாது, தெருவில் கார் நிறுத்த இடம் இருக்கும். ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டிருப்போம். இப்போது பேனா மேசை மேலேயே கிடந்தது.

அர்த்தநாரிதான் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க, இந்த ஒருக்கா விட்டுப்போடலாமுங்களே. நாம எழுதலீன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமுங்களே" என்றார் சௌந்தரம் அக்கா.

"மேல இருக்கறது உங்க சிநேகிதிங்க."

"அதனாலதான் எழுதோணும்." அக்கா எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். "அன்னைக்கு அவளுக்கு நான் கண்ணை மூடலை. அவ பையன் படுக்க வெச்சிருந்த ரூமை இடிச்சப்ப, சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இன்னைக்கு எனக்கு வேணுங்கறதுக்காகக் கண்ணை மூடுனா, அன்னைக்கு நான் பண்ணுனது சட்டமில்லை, வெறும் கெட்ட மனசுன்னு ஆயிருமல்ல?"

நான் ஆட்சேபக் கடிதத்தின் வரைவை எழுதினேன். எழுத எழுத, ஜன்னல் வழியாகப் பார்த்தால், மூன்றாவது மாடி வெளுத்துக்கொண்டே வந்தது. சாயம் போன புடவையைப் போல பிலோமினாவின் உருவத்துக்குள்ளே பின்னாலிருக்கிற மலை தெரிந்தது. நான் பாதியில் நிறுத்திவிட்டேன். சௌந்தரம் அக்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அழுதார் என்று சொல்லமாட்டேன், ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி கழற்றித் துடைத்தார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் பாக்கி இருக்கிறது என்றார். தராசில் எதையும் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தவர் ஆயிற்றே. டேப்பில் அளந்தது போதாது, சர்வேயர் வந்து எல்லைக் கல்லிலிருந்து அளந்து சொல்லட்டும், அப்புறம் போடுகிறேன் என்று மனுக் கொடுத்தார். பில்டர் ஆளும் அதையே கேட்டிருந்ததால் மூன்றாம் நாளே சர்வேயர் வந்தார், கையில் பழைய லே-அவுட் வரைபடம், கூட ஒரு கடப்பாறைக்காரர். தெருவின் முக்கால்வாசிக் கற்கள் எப்போதோ காணாமல் போய்விட்டன. வரைபடத்தின்படி மூலை மனையின் முகப்பில் ஒரு கல் இருந்தாக வேண்டும், மூலை மனை சௌந்தரம் அக்காவுடையது. சர்வேயர் சங்கிலியை இழுத்து, தள்ளி நின்று பார்த்து, அக்கா வீட்டு கேட்டிலிருந்து தெருவுக்கு இறங்குகிற சிமென்ட் சரிவின், ராம்ப்பு என்று நாங்கள் சொல்வதன், நடுவில் காலால் தட்டினார்.

"இதுக்கு அடியிலதானுங்கம்மா கல்லு இருக்கோணும்."

அந்த ராம்ப்பைப் பற்றித் தெருவுக்கே தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் துரைராஜ் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து சக்கர நாற்காலியோடு திரும்பியபோது, அவர் தெருவுக்கு வந்து நாலு பேரைப் பார்க்கவேண்டும் என்பதற்காகப் போட்டது. செங்குத்தாக இருந்தால் நாற்காலி உருண்டுவிடும் என்று நீளமாக, மெதுவாக இறங்கும்படி போட்டிருந்தது. அவர் இறந்து எட்டு வருடமாகிறது. அதில் இப்போது யாரும் ஏறுவதில்லை, ஆனாலும் அக்கா தினமும் அதைப் பெருக்கிக் கழுவிவிடுவார்.

"உடைங்க" என்றார் அக்கா.

உடைத்தார்கள். கல் இருந்தது, மேலே பெருக்கல் குறி வெட்டிய கருங்கல், ராம்ப்பின் விளிம்பிலிருந்து சரியாக ஒன்றே முக்கால் அடி உள்ளே. எதிர்ப் பக்கமும் அப்படித்தான், அங்கே அர்த்தநாரியின் இரண்டு கார் ஏறுகிற ராம்ப்பு, அதற்கடுத்து ஒருவர் வைத்த குரோட்டன்ஸ் வேலி, இன்னொருவர் கட்டிய படி, இந்தப் பக்கம் என் வீட்டு வாசலில் நான் போட்ட செருப்பு மேடை. சாலை முப்பதடிதான். மூன்றரை அடியை நாங்கள்தான் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று தின்றிருந்தோம். தின்றுவிட்டு, ஒவ்வொரு குடியரசு தினத்தன்றும் எங்கள் ராம்ப்பிலிருந்து எங்கள் ராம்ப்புக்கு டேப் பிடித்து, இருபத்தாறரை என்று எழுதி, லட்டும் தின்றிருக்கிறோம்.

"இப்ப எப்படிங்க?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல வண்டி ஓடற அகலத்தைத்தானுங்க எடுத்துக்குவாங்க" என்றார் சர்வேயர். "நீங்க இப்படியே இருந்தீங்கன்னா இருபத்தாறரை. எடுத்துட்டீங்கன்னா முப்பது. அஞ்சு நாள் இருக்குது."

சௌந்தரம் அக்கா உடைந்த சிமென்ட் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் பதினேழாம் மனையைப் பார்க்கவில்லை, அண்ணாந்து என் மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கேயிருந்து இடித்து எடுத்துப்போன அறையை. முப்பதடிச் சாலையில் அந்த அறை இருந்திருக்கலாம். அந்தப் பையன் அங்கேயே குடியிருந்திருக்கலாம். நான் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வேறு யாரையும் எதிர்பார்க்காமல் தன் வாசலில் மிச்சமிருந்ததை உடைத்துக்கொண்டிருந்தார். நான் என் செருப்பு மேடையை உடைத்தேன், மூன்று தட்டில் பெயர்ந்து வந்தது, நான் போட்ட கலவை அப்படி. குரோட்டன்ஸ்காரர் வேலியைப் பிடுங்கினார், படிக்காரர் படியை உடைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போக வழியில்லாமல் ஸ்டூல் போட்டு ஏறினார். பத்து மணிக்குத் தெரு முழுக்கக் கடப்பாறைச் சத்தம். அர்த்தநாரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டில் நின்றார். அவர் ராம்ப்பு இருபதடி அகலம், டைல்ஸ் ஒட்டியது. மேலே இரண்டாவது மாடியில் அந்தச் சிறுமி, பின்னிய ஜடையோடு, காற்றில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். உருவம் மங்கலாகத்தான் இருந்தது, குதிக்கும்போது ஜடை தெரிந்தும் தெரியாமலும் போயிற்று. அவர் அவளைப் பார்ப்பதும் டைல்ஸைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு மில்லிலிருந்து நாலு ஆட்களை வரச்சொன்னார்.

"எப்படியும் காரோட அடிவயிறு உரசிக்கிட்டேதானுங்க இருந்துச்சு" என்றார், யாரும் கேட்காமலே.

சாயங்காலம் சர்வேயர் மறுபடி அளந்தார். முப்பதடி, அரை அங்குலம். மேலே ஒவ்வொரு மாடியாகத் துலக்கம் வந்தது, முதலில் சிறுமியின் ரிப்பன், பிறகு அவள் அம்மா, கடைசியில் மூன்றாவது மாடியில் நாற்காலியும் முறமும் பிலோமினாவும், அவர் ரவிக்கையின் சின்னப் பூக்கூட எண்ணுகிற மாதிரி. நான் தீர்மானப் புத்தகத்தில் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதினேன். பன்னிரண்டு வருடத்தில் அதை எழுதியது அதுவே முதல் தடவை.

"மலை மறைஞ்சுருமுங்களேக்கா" என்றேன், ஒரு பேச்சுக்கு.

"மறைஞ்சா என்ன, அவ வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கறது" என்றார்.

அனுமதி வந்தது. அஸ்திவாரத்துக்கு முதல் மண் எடுத்த காலையில் காற்றிலிருந்தவர்கள் மூன்று மாடியும் ஒருசேர இல்லாமல் போனார்கள். இந்தத் தடவை தெருவில் துக்கம் இல்லை. இனி அவர்கள் சாமான் ஏற்றிய லாரியில், பால் காய்ச்சி, வரவேண்டிய வழியில் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சௌந்தரம் அக்காவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அன்று ஐந்து மணிக்கு வெற்று வானத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வீடு வருதுன்னு அவளுக்கு யாரு தம்பி சொல்றது?"

மறுநாள் என் காரில் உடுமலைப்பேட்டைக்குப் போனோம். வழி நெடுக அக்கா மடியில் ஒரு டிபன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசை வீட்டின் கடைசிக் கதவைப் பிலோமினாவே திறந்தார். நாங்கள் மேலே பார்த்ததைவிட முடி கறுப்பாக இருந்தது, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"உள்ள வா" என்றார் பிலோமினா.

அக்கா உட்காராமலே, டப்பாவைக் கீழே வைக்காமலே, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார், பதினேழாம் மனை, மூன்றாவது மாடி, முறம், சர்வேயர், கல். மேலே தன்னைப் பார்த்ததைக் கேட்டுப் பிலோமினா தலையை ஆட்டிக்கொண்டார். "அதானா. ரெண்டு மாசமாச் சாயங்காலமானா உள்ளங்கால் கூசுது, எங்கியோ ஒசரத்துல நிக்கற மாதிரி. சுகர்னு நெனச்சு மாத்திரை வாங்கித் தின்னுட்டிருக்கறேன்."

"பிலோமி, ரோடு முப்பதடி. உன்ற ரூம் இருந்திருக்கலாம். நான் தப்பா அளந்துட்டேன்" என்றார் அக்கா. "கல்லு என்ற ராம்ப்புக்கு அடியில இருந்துருக்குது. எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது."

"உனக்கெப்படித் தெரியும், நீ ஆஸ்பத்திரியிலயில்ல இருந்தே." பிலோமினா டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். "அண்ணன் வீட்டுக்கு வர்றாருன்னு ராம்ப்புப் போட ஆள் புடிச்சதே நான்தானே. கொத்தனார் கேட்டான், அம்மா இங்க எல்லைக்கல்லு இருக்குதுங்களேன்னு. கல்லோட நிறுத்துனாச் செங்குத்தா இருக்கும், வண்டி உருண்டுரும்னான். கல்லையும் சேத்து மூடிப்போடுன்னு நான்தான் சொன்னேன்."

அக்கா மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? உன்ற ரூமை இடிக்கறப்பவும்?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே கடப்பாறையைத் தூக்கியிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? அண்ணன் அந்த ராம்ப்புல இறங்கித் தெருவுக்கு வந்து நாலு பேர்கிட்டச் சிரிக்க ஆரம்பிச்சு அப்ப ஒரு வருஷம்கூட ஆகலை. என்ற பையனுக்குக் காலு இருந்துச்சு, ஓசூருக்குப் போயிட்டான்." பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதான் சொல்லாமக் கிளம்பிட்டேன். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தாலும் உன்ற மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிப்போட்டிருப்பேன்."

சௌந்தரம் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். கவுன்ட்டருக்குப் பின்னால் முப்பத்தைந்து வருடமும், சங்கத்தில் பதினைந்து வருடமும், கணவர் போனபோதுகூட நிமிர்ந்து நின்ற அக்கா அப்படி அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். நான் எழுதிய இருபத்தாறரைகளை அங்கே நின்று ஒவ்வொன்றாக எண்ணினேன், பன்னிரண்டு வந்தது. நெடுநேரம் கழித்து உள்ளே காபி ஆற்றுகிற சத்தம் கேட்டது, பிறகு பிலோமினாவின் குரல்.

"மூணாவது மாடின்னா முட்டிவலிக்காரி நான் எப்படி ஏறி இறங்கறது?"

"லிஃப்ட் இருக்குது. பிளான்ல பார்த்துட்டேன்."

"கரண்ட் போச்சுன்னா?"

"நீ இறங்காதே" என்றார் சௌந்தரம் அக்கா. "நான் ஏறி வர்றேன்."